புகார் கொடுக்காத நோயாளி

போதைப் பழக்கம் தரும் மருந்துகளும் மருத்துவர்களின் தொழில் ஒழுங்கும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறுவை சிகிச்சையில் பிழை நேர்ந்துவிட்டால் நோயாளியின் வீட்டார் வழக்குப் போடுகிறார்கள். கட்டணம் அதிகம் வாங்கினால் மருத்துவமனை வாசலில் சண்டை நடக்கிறது. தேவையே இல்லாமல் மாதக்கணக்கில் தூக்க மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்மீது மட்டும் அநேகமாக எவரும் புகார் எழுதுவதில்லை. அந்த மாத்திரைக்குப் பழகிப்போனவர் தம் மருத்துவரைக் கைராசிக்காரர் என்று நான்கு பேரிடம் சொல்கிறார். அவர் ஊரை விட்டுப் போய்விடுவாரோ என்று கவலைப்படுகிறார். மாத்திரையை நிறுத்தலாம் என்று இன்னொரு மருத்துவர் சொன்னால் அவர்மேல்தான் கோபம் வருகிறது.

இந்தியாவின் மருத்துவ ஒழுங்கு முறையோ பெரும்பாலும் புகாரை நம்பி நிற்கிறது. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் மருத்துவ மன்றம் விசாரிக்கத் தொடங்கும். பாதிக்கப்பட்டவரே புகார் கொடுக்க விரும்பாத ஒரு தவறை அந்த மன்றம் எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே. ஒவ்வொரு மருந்துக்கடையிலும் சட்டப்படி இருக்க வேண்டிய ஒரு பதிவேட்டில் அதற்கான விடை இருக்கிறது. நோயாளி சொல்லாததை அந்த ஏடு சொல்லும். அதை எடுத்துப் படிக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் வாதம்.

பழக்கம் எப்படிப் பிடிக்கிறது

நாட்டுப்புறத்தில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வலியில் தொடங்குகிறது, அல்லது தூக்கமின்மையில். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடும் ஒரு பெண்மணிக்கு இடுப்பு வலி. மாலையில் கிளினிக்கில் நாற்பது டோக்கன் காத்திருக்கும்போது மருத்துவரால் அவருக்கு ஒதுக்க முடிவது மூன்று நிமிடம். டிரமடால் கலந்த வலி மாத்திரை ஒன்றும், இரவுக்கு அல்பிரசோலம் ஒன்றும் சீட்டில் ஏறுகின்றன. முதல் வாரம் நிம்மதியாக இருக்கிறது. அடுத்த மாதம் அதே சீட்டை மெடிக்கலில் நீட்டினால் அதே மாத்திரை கிடைக்கிறது. ஓராண்டு கழித்து ஒருநாள் மாத்திரை தீர்ந்துபோகும்போது கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, இரவு முழுக்கக் கண் மூடுவதில்லை. பழைய நோய் திரும்பிவிட்டது என்று அவர் நினைக்கிறார். உண்மையில் அது மாத்திரை விட்டுச்சென்ற நோய்.

அல்பிரசோலம், டயஸிபம், நைட்ரஸிபம் போன்றவை பென்சோடையஸிபின் குடும்பத்து மருந்துகள். சில வாரங்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டியவை. நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். முதியவர்கள் இரவில் எழுந்து நடக்கையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இவை ஒரு முக்கியக் காரணம். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே தாழ்ந்துபோகும். மதுக்கடைகள் மலிந்த புதுச்சேரிக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் இந்தக் குடும்பத்து மருந்துகள் அனைத்தின் குறிப்பேட்டிலும் பழக்கம், விலகல் விளைவுகள் குறித்துக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டது.

எண்ணிக்கை சிறியதன்று. டெல்லி எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்திய கணக்கெடுப்பை மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. நாட்டில் 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் சுமார் 1.18 கோடிப் பேர் மருத்துவத் தேவைக்குப் புறம்பாக மயக்க, தூக்க மருந்துகளைப் பயன்படுத்துவதாக அது மதிப்பிட்டது. வலிநிவாரணிகளாக விற்கும் ஓபியாய்டு மருந்துகளைப் பயன்படுத்துவோர் மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 விழுக்காடு. இவர்கள் கையில் இருப்பதில் பெரும்பகுதி கடத்தல் சரக்கு அல்ல. உரிமம் பெற்ற ஆலையில் செய்து, உரிமம் பெற்ற கடைகளுக்கு வந்த மருந்து.

சட்டத்தில் என்ன இருக்கிறது

சட்டம் போதவில்லை என்று சொல்வதற்கில்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்றத் தொழில் நடத்தை விதிமுறைகளில் 7.8 என்ற பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: மருத்துவ ரீதியாக முற்றிலும் அவசியம் என்ற நிலை இல்லாமல் ஸ்டீராய்டுகளையோ மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளையோ எழுதுவது கடுமையான தொழில் ஒழுங்கீனம். தண்டனை, மருத்துவப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ. புகாரின்மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது 8.4. சக மருத்துவரின் நேர்மையற்ற நடத்தையை அச்சமோ சார்போ இன்றி வெளிப்படுத்துவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்கிறது 1.7. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய விதிமுறைகளை வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதம் 23ஆம் தேதி அவற்றை நிறுத்தி வைத்தது. எனவே 2002ஆம் ஆண்டு விதிகளுக்கே மீண்டும் உயிர் வந்தது.

மருந்து விற்பனைப் பக்கமும் விதிகள் உண்டு. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி சீட்டில் தேதி, மருத்துவரின் கையெழுத்து, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு எல்லாம் இருக்க வேண்டும். மருத்துவர் மறுபடி கொடுக்கலாம் என்று எழுதாதவரை ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். ஆண்டுக்கணக்கில் மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டுக்கு மாத்திரை தருவது விதிமீறல்.

அதே விதிகளில் சேர்ந்து 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்1 அட்டவணை இன்னும் முக்கியமானது. மருந்துகளை எதிர்த்து நிற்கும் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கவே அது முதன்மையாகக் கொண்டுவரப்பட்டது. ஆனால் அதன் 46 மருந்துகளில் அல்பிரசோலம், டயஸிபம், நைட்ரஸிபம், சோல்பிடெம், டிரமடால், கோடீன், பென்டசோசின், புப்ரினார்பின் ஆகியவையும் உள்ளன. இவற்றை விற்கும்போது எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்துவிட்டது.

அந்தப் பதிவேட்டில் மருத்துவரின் பெயர் வரிக்கு வரி இருக்கிறது. மருந்து ஆய்வாளர் கடைக்கு வரும்போது கடைக்காரர் ஒழுங்காக எழுதியிருக்கிறாரா என்று பார்க்கவே அது பயன்படுகிறது. எழுதிக் கொடுத்தவர் ஒழுங்காக எழுதுகிறாரா என்று பார்க்க அந்த ஏட்டை யார் புரட்ட வேண்டும் என்பதை விதி சொல்லவில்லை. கடை உரிமம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கையில். மருத்துவரின் பதிவு மருத்துவ மன்றத்தின் கையில். ஒரு கையில் உள்ள தகவல் மற்றொரு கைக்குப் போக நிலையான வழி இல்லை.

எல்லைக்கோட்டில் இரண்டு கொம்யூன்கள்

புதுச்சேரிப் பகுதியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்தப் பிளவு இரட்டிப்பாகிறது. புதுச்சேரியின் நிலப்படம் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றபடியே துண்டு துண்டாகக் கிடக்கிறது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் பேருந்து ஏறினால் அரியூர் தாண்டியதும் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. சற்றுத் தூரத்தில் திருபுவனை. அது மறுபடியும் புதுச்சேரி. பாகூர்ப் பக்கமோ முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். பாகூர்க்காரர்கள் துணி எடுப்பதும், சினிமா பார்ப்பதும், மருத்துவரைப் பார்ப்பதும் கடலூரில் என்பது இயல்பான வாழ்க்கை. அதில் தவறேதும் இல்லை.

ஒழுங்கு முறைக்குத்தான் சிக்கல். கடலூரில் எழுதிய சீட்டு கிருமாம்பாக்கத்து மெடிக்கலில் மருந்தாகிறது. மருத்துவர் பதிந்திருப்பது சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில். கடையின் பதிவேட்டைப் பார்ப்பவர் புதுச்சேரியின் ஆய்வாளர். நோயாளி மயங்கி விழுந்தால் போவது கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு. மூன்று நிறுவனங்களிடம் மூன்று துண்டுச் செய்திகள். மூன்றையும் ஒட்டிப் பார்த்தால்தான் முழு உருவம் தெரியும்.

இத்தனைக்கும் மருத்துவ அறிவுக்குப் பஞ்சமான வட்டாரம் அல்ல இது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், இராமநாதபுரத்தில் ஊரக நலவாழ்வு மையம் நடத்துகிறது. கூடப்பாக்கத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. நலவழித்துறையின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கொம்யூன்கள்தோறும் உள்ளன. சிறிய நிலப்பரப்பில் இவ்வளவு வல்லுநர்கள் கூடியிருப்பது இந்தியாவில் அரிது. பெரிய மாநிலங்களில் கடினமாக இருக்கும் ஒரு கண்காணிப்பு முறையை இங்கே எளிதில் நடத்திக் காட்ட முடியும்.

டாட்மோர்டனின் மருந்துக்கடை ஏடு

பதிவேடு பேசியதையும், பேசிய பிறகும் ஒழுங்கு மன்றம் கேளாமல் விட்டதையும் ஒருசேரக் காட்டும் வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. 1975இல் யார்க்ஷயரின் டாட்மோர்டன் என்ற சிற்றூரில் ஒரு கூட்டு கிளினிக்கில் பணியாற்றிய இளம் மருத்துவர் ஹரால்ட் ஷிப்மன். அங்கிருந்த ஊழியர் ஒருவர் மருந்துக்கடையின் போதைமருந்து ஏட்டில், ஷிப்மன் பெயரில் பெத்திடின் ஊசி மருந்து அளவுக்கு மீறிப் போயிருப்பதைக் கண்டார். நோயாளிகள் பெயரில் எழுதிய மருந்தை ஷிப்மன் தமக்கே ஏற்றிக்கொண்டிருந்தார். எந்த நோயாளியும் புகார் செய்யவில்லை. ஏட்டின் வரிகளே காட்டிக் கொடுத்தன.

1976இல் நீதிமன்றம் 600 பவுண்டு அபராதம் விதித்தது. பொது மருத்துவ மன்றம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டது. 1971ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டப்படி, அவர் இனி இவ்வகை மருந்துகளை எழுதக் கூடாது என்று தடைபோட உள்துறை அமைச்சகத்துக்கு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரம் பயன்படவில்லை. 1977இல் ஷிப்மன் ஹைட் என்ற ஊரில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். டயாமார்பின் மருந்தைத் தடையின்றி வாங்கினார். 2000 ஜனவரியில் 15 நோயாளிகளைக் கொன்றதாகத் தீர்ப்பு வந்த பிறகே, பிப்ரவரியில், அவருடைய பெயர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீங்கியது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை 2002இல் அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று கணக்கிட்டது. 2004 டிசம்பரில் வந்த ஐந்தாம் அறிக்கை, மருத்துவ மன்றம் நோயாளிகளைவிட மருத்துவர்களின் நலனையே காத்தது என்று கடுமையாகக் கண்டித்தது.

ஷிப்மன் அரிதிலும் அரிதான கொலையாளி. மருந்தை அளவுக்கு மீறி எழுதும் மருத்துவர்கள் அவரைப் போன்றவர்கள் அல்லர். அவரை இங்கே எடுத்துச் சொல்வது 1976ஆம் ஆண்டுக்காக. அந்த ஆண்டில் தேவைப்பட்டது ஒரு நடுத்தர நடவடிக்கை: தொழிலைத் தொடரலாம், இந்த வகை மருந்துகளைத் தொடக் கூடாது. கடிதத்துக்கும் பெயர் நீக்கத்துக்கும் நடுவே அப்படி ஒரு படி இருந்தும் எவரும் அதில் கால் வைக்கவில்லை. விசாரணைக்குப் பின் பிரிட்டன் அந்தப் பாடத்தைப் படித்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் போக்குவரத்துக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய ஒரு பொறுப்பு அலுவலரை மருத்துவ அமைப்புகள் நியமிக்க வேண்டும் என்றாயிற்று.

அதற்கு முன்னும் பிரிட்டனுக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1965இல் பிரைன் குழுவின் இரண்டாம் அறிக்கை, 1962ஆம் ஆண்டில் மட்டும் ஒரே மருத்துவர் ஏறக்குறைய 6 லட்சம் ஹெராயின் மாத்திரைகளை, அதாவது 6 கிலோவை, போதைக்கு அடிமையானவர்களுக்கு எழுதியதாகச் சொன்னது. போதை பெருகியதற்குக் கடத்தல்காரர்களைத் தேடிப் போன குழு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில மருத்துவர்களின் பேனாவில் வந்து நின்றது. விதியை மீறுகிறவர்கள் கொஞ்சம் பேரே. மருந்து பாய்வது அவர்கள் வழியாகத்தான். கடைகளின் ஏட்டைக் கூட்டிப் பார்த்தால் அந்தச் சிலர் தனியாகத் தெரிவார்கள்.

அமெரிக்கா அந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டதன் விலையை உயிர்களாகக் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் லிசா செங் என்ற மருத்துவரின் நோயாளிகள் அளவு மீறிய மருந்தால் இறந்தபோது பிரேதப் பரிசோதனை அலுவலகத்திலிருந்து அவருக்கே தகவல் போனது. அதன் பிறகும் அவர் எழுதும் முறை மாறவில்லை என்று அரசுத் தரப்பு நிறுவியது. மூன்று இளைஞர்களின் சாவுக்காக 2015 அக்டோபரில் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2016இல் 30 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை பெற்றார். மன்றங்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யத் தாமதித்தால் கடைசியில் அது கொலை வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து சேர்கிறது.

கண்டிப்பு மிகும்போது

இதையெல்லாம் கேட்டதும் கடுமையாக ஒடுக்கிவிட வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. இந்தியா ஒருமுறை அப்படிச் செய்து பார்த்திருக்கிறது. 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டை அனுமதித்தது. ஆனால் உரிமங்களின் அடுக்கும் சிறைத் தண்டனையின் அச்சமும் சேர்ந்து மருத்துவர்களையும் மருந்தகங்களையும் மார்ஃபினை விட்டே விலகச் செய்தன. 1985இல் ஆண்டுக்கு 573 கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சரிந்தது. புற்றுநோயின் கடைசி மாதங்களில் லட்சக்கணக்கானவர்கள் தாங்க முடியாத வலியில் இறந்தார்கள். கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என்ற தகுதியைப் பெற்று, உரிம நடைமுறை எளிதானது. பாகூரில் ஒரு புற்றுநோயாளிக்கு மார்ஃபின் எழுதத் தயங்கும் மருத்துவரும் நோயாளிக்குத் தீங்குதான் செய்கிறார். இந்த உண்மையை மறந்த எந்த ஒழுங்கு முறையும் நியாயமானதாக இருக்க முடியாது.

கண்டிப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. லண்டனில் ஆன் டாலி என்ற மனநல மருத்துவர், போதைக்கு அடிமையானவர்களுக்கு நெடுநாள் மாற்று மருந்து தருவதே மனிதத்தன்மையுள்ள சிகிச்சை என்று வாதிட்டார். 1980களில் பொது மருத்துவ மன்றம் அவரை இரண்டு முறை விசாரித்து, 1987இல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைச் சில காலம் எழுதத் தடை விதித்தது. அவருடைய நடைமுறையில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் நெடுநாள் மாற்று மருந்துச் சிகிச்சை இன்று உலகின் பல நாடுகளில் ஏற்கப்பட்டுவிட்டது. மருத்துவக் கருத்து வேறுபாட்டை ஒழுங்கீனமாக எண்ணிவிடும் ஆபத்து மன்றங்களுக்கு எப்போதும் உண்டு.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் ருவான் என்ற மருத்துவரின் வழக்கில் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. மருத்துவர் தாம் அதிகாரமின்றி எழுதுகிறோம் என்று அறிந்தோ, அவ்வாறு எழுத வேண்டும் என்ற நோக்கத்துடனோ எழுதினார் என்று நிறுவினால்தான் அவரைக் குற்றவாளி எனலாம் என்றது. குற்றவியல் வழக்குக்கு அந்தக் கோடு சரி. தொழில் ஒழுங்கு நடவடிக்கைக்கு அவ்வளவு உயரமான கோடு தேவையில்லை. நல்ல நம்பிக்கையோடு தவறாக எழுதுகிறவரையும் திருத்த வேண்டியிருக்கிறது. சிறைக்கும் மன்றத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நம் பக்கமும் நீதிமன்றம் சமநிலை காட்டியிருக்கிறது. சென்னையில் தம் கிளினிக்கில் சிறிதளவு மருந்து வைத்திருந்த தோல் மருத்துவர் ஒருவர்மீது மருந்து ஆய்வாளர் தொடுத்த வழக்கை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தம் நோயாளிகளுக்குக் கொடுக்கச் சிறிதளவு மருந்து வைத்திருப்பது கடை நடத்துவதாகாது என்றது. ஊசியும் மாத்திரையும் கிளினிக்கிலேயே கொடுத்தனுப்பும் கிராமத்து மருத்துவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு பாதுகாப்பு. அதே வேளையில், இப்படிக் கையோடு கொடுக்கும் மருந்து கடையின் ஹெச்1 ஏட்டில் ஏறாது. கண்காணிப்பு முறையை வகுப்பவர்கள் அந்த இடைவெளியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்கு வகை மருத்துவர்கள்

அமெரிக்க மருத்துவ உலகில் 1980களிலிருந்து ஒரு வகைப்பாடு வழங்கி வருகிறது. போதை மருந்தை முறைதவறி எழுதுகிறவர்களில் நான்கு வகையினர் உண்டு: அறிவு புதுப்பிக்காதவர், நோயாளியிடம் ஏமாந்தவர், தாமே நோயுற்றவர், நேர்மை தவறியவர். நான்கு பேருக்கும் ஒரே தண்டனை கொடுப்பது நீதியாகாது.

முதல் வகையினர் படித்த காலத்தில் இந்த மாத்திரைகள் பாதுகாப்பானவை என்றே பாடம் இருந்தது. அவர்களுக்கு ஒரு மூத்த மருத்துவரின் சந்திப்பும் புத்தறிவுப் பயிற்சியும் போதும். இரண்டாமவர் நாலைந்து கிளினிக்குகளில் ஒரே கதையைச் சொல்லும் நோயாளியிடம் சிக்கியவர். அந்த நோயாளி வேறெங்கும் சீட்டு வாங்குகிறாரா என்று பார்க்கும் வசதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாமவர் 1975இன் ஷிப்மனைப் போல் தமக்கே எழுதிக்கொள்பவர். தூக்கமற்ற இரவுப் பணியும் கைக்கெட்டும் மருந்தும் ஒன்றுசேரும் தொழில் இது, மருத்துவரும் அடிமையாவார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1973லேயே நோயுற்ற மருத்துவரைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, சிகிச்சை வழியைத் திறந்தது. பெயர் நீங்கும் என்ற அச்சம் ஒன்றே இருந்தால் அவர் மறைத்துக்கொண்டுதான் இருப்பார். எழுதும் உரிமையைத் தாற்காலிகமாக ஒப்படைத்துவிட்டுச் சிகிச்சைக்கு வந்தால் தொழில் காக்கப்படும் என்ற உறுதி வேண்டும்.

நான்காமவருக்கு இரக்கம் வேண்டியதில்லை. பரிசோதிக்காமலே கையெழுத்திட்ட சீட்டை விற்பவர், கடைக்காரரோடு பங்கு பேசுகிறவர், சொல்லாமலே மருந்தைக் கலந்து கொடுப்பவர் எல்லாரும் அந்த வகை. வலிப்பு நோயை ஆயுர்வேதத்தால் குணப்படுத்துவதாகச் சொன்ன ரிஷிகேஷ் சிகிச்சை நிலையம் ஒன்றில் பீனோபார்பிட்டோன் உள்ளிட்ட மருந்துகள் பெருமளவில் பிடிபட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006இல் நீதிமன்றம் போதைப்பொருள் சட்டம் அங்கே பொருந்தாது என்றது. அந்தச் சட்ட விளக்கம் சரியல்ல என்று 2014இல் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறொரு வழக்கில் தீர்த்தது. நீதிமன்றங்களில் எட்டாண்டு நிலைத்திருந்த விளக்கம் அது. மூலிகை என்று நம்பி விழுங்கிய நோயாளியால் எப்படிப் புகார் கொடுக்க முடியும்?

வில்லியனூரிலும் பாகூரிலும் தொடங்கக்கூடியவை

பழைய விதிகளைக் கொண்டே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, ஹெச்1 ஏட்டின் மாதச் சுருக்கம். இரு கொம்யூன்களின் மருந்துக்கடைகள் ஏழெட்டு மருந்துகளுக்கு மட்டும், மருத்துவரின் பதிவு எண்ணையும் மொத்த மாத்திரை எண்ணிக்கையையும் மாதம் ஒரு பக்கமாக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்பலாம். நோயாளியின் பெயர் அந்தச் சுருக்கத்தில் இருக்கக் கூடாது. ஊர் சிறியது, இன்னாருக்கு இன்ன மாத்திரை என்பது வெளியே தெரிந்தால் மனநலச் சிகிச்சைக்கே யாரும் வர மாட்டார்கள். சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ளது. எண் இல்லாத சீட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்ப அந்த விதியே துணை.

இரண்டாவது, ஒப்பிடும்போது நியாயம் வேண்டும். மனநல மருத்துவரின் எண்ணிக்கை பொது மருத்துவரைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். வலி தணிப்புச் சிகிச்சை தருபவரின் எண்ணிக்கையும் அப்படியே. பொது மருத்துவரைப் பொது மருத்துவரோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை கூடியிருப்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது. போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி, அவ்வளவே.

மூன்றாவது, படிப்படியான நடவடிக்கை. முதலில் மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் ஒருவரும் அனுபவமுள்ள கிராமப்புற மருத்துவர் ஒருவரும் நேரில் சென்று பேசலாம். மாறவில்லையெனில் மன்றத்துக்கு முறையான புகார். அங்கே அதிகம் பேசப்படாத 8.5 விதி கைகொடுக்கும். புகார் நிலுவையில் இருக்கும்போதே, விசாரணைக்குரிய அந்தச் செயலை மட்டும் செய்ய வேண்டாம் என்று மருத்துவரைத் தடுக்க மன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கும் அவர் தொடர்ந்து மருத்துவம் பார்க்கலாம். தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் மட்டும் எழுத முடியாது. 1976இல் டாட்மோர்டனில் எடுக்காமல் விட்ட நடவடிக்கையை எடுக்கும் வழி நம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது.

நான்காவது, எல்லை தாண்டும் தகவல். புதுச்சேரி மருத்துவ மன்றமும் தமிழ்நாடு மருத்துவ மன்றமும், இரு பக்கத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகங்களும் ஓர் எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பாகூர்க் கடை ஏட்டில் கடலூர் மருத்துவரின் எண் அளவுக்கு மீறித் தெரிந்தால் அந்தச் செய்தி சென்னைக்குப் போக வேண்டும். திருபுவனை மருத்துவரின் சீட்டு கண்டமங்கலத்தில் குவிந்தால் அது புதுச்சேரிக்கு வர வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசிய மருத்துவப் பதிவேடு நாடு முழுவதற்கும் பொதுவான அடையாள எண்ணைத் தருவதால் இது முன்னைவிட எளிது.

ஐந்தாவது எல்லாவற்றிலும் அவசரமானது. ஒரு மருத்துவரின் பேனாவை நிறுத்தும் நாளில் அவருடைய நோயாளிகள் என்ன ஆவார்கள்? பஞ்சாபில் 22 தனியார் போதை மீட்பு மையங்களை நடத்திய மருத்துவர் ஒருவர், சிகிச்சை மாத்திரைகளை வெளியே விற்றதாகக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி 2024 இறுதியில் கைதானார். அடுத்த மாதமே மையங்களின் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. குற்றச்சாட்டை நீதிமன்றம் தீர்க்கட்டும். அந்த 22 வாசல்களில் நாள்தோறும் மாத்திரைக்கு நின்றவர்களுக்கு மறுநாள் காலையிலேயே வேறொரு வாசல் தேவைப்பட்டிருக்கும். நெடுநாள் ஓபியாய்டு எடுத்தவர்களுக்குத் திடீரென நிறுத்தினால் கடும் விலகல் துன்பமும் தற்கொலை ஆபத்தும் உண்டு என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் எச்சரித்தது. பென்சோடையஸிபினில் வலிப்பு ஆபத்து வேறு.

எனவே தடை உத்தரவு வெளியாகும் அதே நாளில் நலவழித்துறைக்கும் தகவல் போக வேண்டும். வில்லியனூர், பாகூர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையத்திலும் வாரம் ஒருநாள் மாத்திரை குறைப்புக்கான புறநோயாளிப் பிரிவு இயங்க வேண்டும். அளவைச் சிறுகச் சிறுகக் குறைத்து மாதங்களில் விடுவிக்கத் தெரிந்த மருத்துவரை ஜிப்மரின் மனநலப் பிரிவு பயிற்றுவித்து அனுப்பலாம். வரத் தயங்குகிறவர்கள் டெலி மானஸ் எண்ணான 14416க்கு வீட்டிலிருந்தே தமிழில் பேசலாம். மூடப்பட்ட கிளினிக்கின் கதவில் ஒட்டும் அறிவிப்பில் இந்த எண்ணும், அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் பெயரும், பிரிவு இயங்கும் கிழமையும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்த அறிவிப்பின் வாசகத்தை மருத்துவ மன்றமும் நலவழித்துறையும் சேர்ந்து இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.